உன் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

நேற்று ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது ரேடியோவில் உன் குரல் வந்தது. ஆல்பத்துக்கு முன்னால் தனிப் பாட்டாக வெளிவந்த உன் முதல் சிங்கிள். ஓட்டுநர் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மேடம், இது எந்த பாஷை?" என்று இந்தியில் கேட்டார். தமிழ் என்றேன். "ஒண்ணும் புரியல, ஆனா நல்லா இருக்கு. யார் பாடறாங்க?"

"என் சிநேகிதி" என்றேன். வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

கல்லூரி நாளிலிருந்து ஒரு ராக் குழுவில் இந்தியில் பாடிக்கொண்டிருந்தவள் நீ. குழு கலைந்த வாரமே என்னிடம் வந்து, "தனியா ஒரு ஆல்பம் பண்ணப்போறேன். முழுக்கத் தமிழ்ல" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. டெல்லியில் பிறந்த உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் எழுதிய வரிகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டாய். ஜனக்புரி வீட்டில் உன் அறைதான் ஸ்டூடியோ. ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, ஜூன் மாத வெக்கையில் பாடுவாய். "சரியா தப்பா, ஜல்தி சொல்லுடி, உருகிடுவேன்" என்பாய்.

முதல் சிங்கிளைக் கல்லூரிப் பிள்ளைகள் கொண்டாடினார்கள். இரண்டாவது வந்தபோது, முதலில் தமிழ் கற்றுக்கொண்டு வா என்று இணையத்தில் பாட்டுக்குக் கீழே பலர் எழுதினார்கள். அத்தனையையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாய். மறுபடி பாடிப் பதிவு செய்கிறேன் என்று நீ எழுந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த உன் அம்மா நிமிராமலே சொன்னார்: "நம்ம வீட்ல பேசற தமிழ் இதுதான். இதை எதுக்கு மாத்தணும்?" நீ மாற்றவில்லை.

மூன்றாவது சிங்கிள் வருவதற்குள் உன் நுரையீரலில் கட்டி என்று தெரிந்துவிட்டது. கடைசிப் பாட்டைக் கட்டிலில் சாய்ந்தபடிதான் பாடினாய். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாய். முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி, "அச்சா, ஆல்பம் முடிஞ்சது. நான் தூங்கறேன்" என்றாய். குளிர்காலம் முடியுமுன் போய்விட்டாய்.

ஆல்பத்தை வெளியிடும் வேலை உன் அம்மாவிடமும் என்னிடமும் வந்தது. மிக்ஸிங் செய்த நண்பர் அந்த மூச்சுச் சத்தங்களை எல்லாம் நீக்கிவிட்டுப் போட்டுக் காட்டினார். பாட்டு சுத்தமாக இருந்தது. அம்மா கண்ணை மூடி முழுவதும் கேட்டார். பிறகு, "குரல் இருக்கு. என் பொண்ணு எங்கப்பா?" என்றார். நண்பர் ஒவ்வொரு மூச்சையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அப்படியேதான் வெளியிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். அந்தப் பாட்டைப் போடச் சொல்வார். முதல் சொல்லுக்கு முன்னால் நீ மூச்சிழுக்கும் இடத்தில் என் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். நீ பாடத் தொடங்கியதும் விட்டுவிடுவார். வாரம் முழுவதும் அந்தப் பிடி என் கையில் இருக்கிறது.