எந்தக் கிடாய் என்று கேட்டீர்கள்

போன ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வரும் வழியில், மகள் காரை விபோர்க் நகருக்கு வெளியே இருக்கிற மான் பூங்காவுக்குத் திருப்பினாள். கதவைத் திறந்து காலைக் கீழே வைத்ததும் அந்த வாடை வந்துவிட்டது. இணைசேரும் காலத்துக் கிடாய்மானின் வாடை. சேறும் மூத்திரமும் கலந்து, தொண்டைக்குள் போய் நிற்கிற வாடை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு டேனிஷில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். வேலியில் ஓர் அறிவித்தல் தொங்கியது. சில கிடாய்களைச் சுடப்போகிறார்கள், அந்தக் காலைகளில் பூங்கா மூடியிருக்கும் என்று போட்டிருந்தது. எந்தக் கிடாய்கள், யார் பார்த்துத் தெரிவுசெய்தது என்று போடவில்லை. நான் அதன் முன்னால் நின்றுவிட்டேன். மகள் இரண்டு தரம் கூப்பிட்டாள்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. டேனிஷில் எழுதினால் நான் கவனமாக எழுதுவேன், பிழை பார்ப்பேன், மரியாதையாக முடித்துவிடுவேன். அப்படி எழுத எனக்கு விருப்பமில்லை. டேனிஷில் ஒருவரை ஒருவர் கூப்பிட நமக்குள் 'நீ' என்கிற ஒரே சொல்தான் இருந்தது. ஆனால் என் மனதுக்குள் அன்றைக்கே நான் உங்களுக்கு 'நீங்கள்' என்றும், நீங்கள் எனக்கு 'நீர்' என்றும் பிரித்து வைத்திருந்தேன். இன்றைக்கும் உங்கள் குரல் அப்படித்தான் கேட்கிறது.

மொழிப் பள்ளியில் இருந்து என்னை உங்கள் மான் பண்ணைக்கு வேலை பழக அனுப்பியபோது எனக்கு வயது முப்பதும் ஆகவில்லை. கிரின்ஸ்டெட்டில் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு, பாலர் பள்ளிக்குப் போகிற மகள், ஒரு பழைய சைக்கிள். என் கணவர் அன்ரன் மன்னாரில் இருந்தார். வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். அவரை இங்கே கூப்பிட நான் விண்ணப்பம் கொடுத்துப் பல மாதம் ஆகியிருந்தது. கூட வந்த எல்லாருடைய கதையும் அதுதான். சிலருக்கு மனைவி, சிலருக்குப் பிள்ளைகள். எங்கே கேட்டாலும் பதில் ஒன்று: பரிசீலனையில் இருக்கிறது.

உங்கள் மான்களை நான் ஊர் ஆட்டுக்குச் சொல்வதுபோல் ஆணைக் கிடாய், பெண்ணை மறி என்றுதான் சொன்னேன். நீங்கள் அந்த இரண்டு சொல்லையும் பழகிக்கொண்டீர்கள். 'கிதாய்' என்றுதான் உங்களுக்கு வந்தது. காலையில் நான் வாளியில் பீட்கிழங்கு வெட்டிக்கொண்டு போனால் முழு மந்தையும் வரும். நீங்கள் வாசலுக்கு வந்தாலே அவை மரங்களுக்குள் போய்விடும். சுடுகிற துவக்கைக் கொண்டுவந்தாலும் வராவிட்டாலும் அவற்றுக்கு நீங்கள் துவக்குக்காரர்தான். அதனால்தான் அந்த முதல் இலையுதிர் காலத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள்.

"உமக்குக் கிட்ட வருகினம். எனக்கு வாறேல்லை. பாத்துச் சொல்லும், எந்தக் கிடாய் போகவேணும்?"

எனக்கு வாளி கையில் கனத்தது. தீன் போடுகிற கையால் காட்டிக்கொடுக்கச் சொல்கிறீர்களே என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. அப்போது என் டேனிஷ் அதற்குப் போதாது.

நீங்கள் விளங்கப்படுத்தினீர்கள். வேட்டைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெரிய கொம்பைத்தான் சுடக் கேட்பார்கள், அதைக் கொடுத்தால் மந்தை கெட்டுவிடும் என்றீர்கள். நடுவயதுக் கிடாய்கள் இல்லாவிட்டால் இளசுகள் மறிகளைத் துரத்தித் துரத்தி எலும்பாகிவிடும். நொண்டுவது, மெலிந்தது, வயதாகிக் கொம்பு சிறுக்கத் தொடங்கியது, இவைதான் முதலில். பிறகு இளசுகளில் ஊசிபோல் குட்டைக் கொம்பு வந்தவை. பனிக்காலத்தில் எத்தனை மானுக்குத் தீன் இருக்கிறதோ அத்தனைதான் நிற்கலாம்.

அடுத்த வருடம் ஓர் இளங்கிடாயின் கொம்பு விரலளவுதான் வந்திருந்தது. அதைக் கைகாட்டினீர்கள். நான் முதல்முறையாக எதிர்த்துப் பேசினேன்.

"அது பிந்திப் பிறந்தது. மற்றக் குட்டிகள் ஓடித் திரியேக்கை இது இன்னும் நனைஞ்சபடி கிடந்தது, நான் கண்டனான். ஒரு வருஷம் பொறுங்கோ."

"பொறுத்தால் வேறை ஒண்டுக்குத் தீன் குறையும்."

"குறையட்டும்."

நீங்கள் என்னை உற்றுப் பார்த்தீர்கள். பிறகு அதை விட்டுவிட்டீர்கள். அடுத்த கோடையில் அதற்குக் கொம்பு அகலமாக, அளவாக வந்தது. நீங்கள் என் தோளில் தட்டினீர்கள். அந்தச் சந்தோசத்தில் நான் இன்னொன்றுக்கும் தவணை கேட்டேன். அதற்குக் குடலில் பூச்சி. பனிக்காலத்துக்குள் நின்ற இடத்தில் விழுந்து செத்தது.

சுடுகிற நாளில் நீங்கள் வேறு ஆள். விடிந்தபின்தான் போவீர்கள். தெளிவாகத் தெரியாவிட்டால் சுடாமலே திரும்பி வருவீர்கள். ஒரு மானையும் காயத்தோடு ஓடவிட்டதை நான் கண்டதில்லை. அதற்காகத்தான் உங்களை மதித்தேன். அதனால்தான் அந்தக் கோப்பி மேசையில் நடந்தது எனக்கு அவ்வளவு நொந்தது.

வானொலியில் அகதிகளைப் பற்றிச் செய்தி போனது. இன்னும் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று யாரோ ஓர் அரசியல்வாதி கதைத்தார். நீங்கள் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே, எனக்கு ஏதோ ஆறுதல் சொல்கிறமாதிரிச் சொன்னீர்கள்.

"நாடும் வேலி அடிச்ச நிலம்தான். தாங்கிற அளவுக்குத்தான் தாங்கும்."

நான் எழும்பினேன். கோப்பை சரிந்தது.

"என்ரை மனுசன் கிடாய் இல்லை," என்றேன். தமிழில்தான் வந்தது. நீங்கள் விளங்காமல் பார்த்தீர்கள். விளங்கியது ஒரு சொல்தான், கிடாய். அது போதுமாக இருந்தது. உங்கள் முகம் மாறியதைக் கண்டுகொண்டே சைக்கிளை எடுத்தேன்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் நான் வரவில்லை. பிறகு நீங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி சோபாவின் விளிம்பில் இருந்தீர்கள். மகள் உங்கள் சப்பாத்தில் ஒட்டிய சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்முடைய மனுசனுக்கு என்ன வயசு?" என்று கேட்டீர்கள். அதுவரை நீங்கள் அவரைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

நான் சொன்னேன். வயது, வேலை, இரவில் வீட்டில் படுக்கப் பயந்து கோயிலில் படுப்பது, இளம் ஆண்களை இராணுவம் பிடித்துக்கொண்டு போகிற சுற்றிவளைப்புகள் எல்லாம் சொன்னேன்.

"நான் சொன்னது பிழையெண்டு சொல்ல வரேல்லை," என்றீர்கள். "இப்பவும் அப்பிடித்தான் நினைக்கிறன். ஆனால் நான் ஒரு கிடாயைச் சுட முதல் போய்ப் பாக்கிறனான். முடிவு எடுக்கிறவை ஆராவது உம்முடைய மனுசனைப் பாத்தவையோ?"

எனக்குக் கோபம் முழுதாக ஆறவில்லை. ஆனால் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

கோப்பன்ஹேகனுக்கு நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள். வேயில ஊர்வரை உங்கள் வான் வண்டியில், பிறகு ரயிலில். அந்தக் காலத்தில் ரயிலே கப்பலுக்குள் ஏறிக் கடலைக் கடக்கும். மேல்தட்டில் காற்றுக்குள் நின்றபடி, மந்தையை யார் பார்ப்பார்கள் என்று கவலைப்பட்டீர்கள். குடிவரவு அலுவலகத்தில் ஓர் இளம் பெண் மரியாதையாக அதே வசனத்தைச் சொன்னாள்: பரிசீலனையில் இருக்கிறது.

"ஆர் பரிசீலிக்கினம்?" என்று கேட்டீர்கள்.

அவளுக்குத் தெரியவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ. இந்தப் பிள்ளை வேறை வழி பாக்கட்டும். நான் ஒரு மிருகத்தைக்கூட இப்பிடி வைச்சிருக்கமாட்டன்."

உங்கள் குரல் உயர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

அன்ரன் அடுத்த கோடைக்கு முன் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டார். பிறகு உடல் கிடைத்தது. அடக்கம் செய்துவிட்டோம் என்று எங்கள் பங்குத்தந்தை தொலைபேசியில் சொன்னார். அனுமதி வரவேயில்லை. ஆள் இல்லாதபின் அந்த விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவுமில்லை. இங்கே அவருக்காக வைத்த பூசைக்கு நீங்கள் வந்தீர்கள். எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் கடைசி இருக்கை வரிசையில் நின்றபடியே நின்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் செய்தி வெளியில் வந்தது. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் தாமதமாகவில்லை, அரசாங்க மேலிடத்துச் சொல்லுக்கு அவற்றை வேண்டுமென்றே எடுக்காமல் வைத்திருந்தார்கள் என்று. நான் கொட்டிலில் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் வீட்டிலிருந்து இறங்கி வந்தீர்கள்.

"கேட்டனீரோ?"

"ஓம்."

"நான் அவைக்குத்தான் வாக்குப் போட்டனான்."

நான் கத்தியை வைக்கவில்லை. கிழங்கை வெட்டிக்கொண்டே இருந்தேன். பரவாயில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அது பொய். உங்களாலேதான் என்றும் சொல்லியிருக்கலாம். அதுவும் பொய். நீங்கள் திரும்பி வீட்டுக்குப் போனீர்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் நீங்கள் துவக்கை எடுக்கவில்லை. என்னிடம் எந்தக் கிடாய் என்று கேட்கவுமில்லை. எனக்காகத்தான் விட்டீர்களோ, உங்களுக்கே கை வரவில்லையோ, நான் அறியேன். அந்த நேரம் எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஒன்றும் சாகாத வருடம் ஒன்று வேண்டும்போல் இருந்தது.

ஆனால் கிடாய்கள் கூடிவிட்டன. இணைசேரும் காலம் வந்ததும் நாள் முழுக்கக் கொம்பு மோதுகிற சத்தம். நாங்கள் கறுவல் என்று கூப்பிட்ட அந்தக் கறுத்தக் கிடாய்தான் மந்தையிலேயே நல்லது. எத்தனையோ வருடம் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியது. அதை ஒரு காலை நான்தான் கண்டேன். மூலை வேலியில் கொம்பு கம்பிக்குள் சிக்கி, வயிற்றுப்பக்கம் குத்துப்பட்டுக் கிழிந்து, இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வாளியைக் கண்டு தலையைத் தூக்கப் பார்த்தது. நான் ஓடிவந்து உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் வந்து கிட்ட நின்று சுட்டீர்கள். பிறகு ஈரப் புல்லில் அப்படியே இருந்துவிட்டீர்கள். நானும் பக்கத்தில் இருந்தேன். யார் யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை.

அடுத்த வருடம் நீங்கள் கேட்கமுதல் நான்தான் வந்தேன்.

"நான் பாத்துச் சொல்லுறன். நீங்கள் சுடுங்கோ."

"உமக்கு ஏலுமோ?"

"ஏலாது. ஆனால் சொல்லுறன்."

இரண்டு பேரும் வேலியோரம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நீங்கள் சுட்ட ஒவ்வொன்றும் நான் கைகாட்டியது. வீட்டுக்குப் போய்ச் சமைக்காமல் படுத்தேன். மகள் பாணும் ஜாமும் சாப்பிட்டாள்.

பிறகு நான் படித்து முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்து, விபோர்க்குக்கு மாறிவிட்டேன். நத்தார் பண்டிகைக்கு ஒரு தரம் தொலைபேசியில் கதைப்போம். நீங்கள் மந்தையை விற்ற செய்தியை அப்படித்தான் கேட்டேன். நீங்கள் போன செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது. அடக்கத்துக்கு வர முடியவில்லை.

இப்போது என் வேலை என்ன என்று சொன்னால் சிரிப்பீர்களோ, தலையைக் குனிவீர்களோ தெரியாது. முதியோர் இல்லத்தில் இடம் கேட்கிறவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, யாருக்குக் கொடுப்பது என்று சொல்கிற வேலை. தொலைபேசியில் கேட்டாலே போதும் என்பார்கள் கூட வேலைசெய்கிறவர்கள். நான் போய்த்தான் பார்க்கிறேன். பார்த்தால் தீர்மானம் லேசாகும் என்று நினைக்கவேண்டாம். இன்னும் கடினமாகும்.

இந்த வியாழன் இரண்டு பேர், ஒரு அறை. ஒருவர் விழுந்து விழுந்து எழும்புகிற கிழவி. மற்றவர் தனியே இருந்து ஆட்களின் பெயரெல்லாம் மறந்துபோகிற மனிதர்; என்னைத் தன் தங்கை என்று நினைத்துக் கோப்பி ஊற்றித் தந்தவர். அறையைக் கிழவிக்குக் கொடுத்தேன். பிழையாகவும் இருக்கலாம். பதிலைத் தபாலில் அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். நான் அவருக்குத் தொலைபேசி எடுத்து, இந்த முறை இல்லை என்று என் வாயாலேயே சொன்னேன். அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. அவரும் தொலைபேசியை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.