உன் படத்துக்குப் பின்னால் இருக்கும் படிவம்

அன்புள்ள செல்வம் மச்சானுக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. உன்னை நினைத்து அழுத நாட்களைவிட உன்னைத் திட்டிய நாட்கள்தான் அதிகம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இன்றைக்குத் திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த காலம் தொட்டு, காலில் அட்டை ஏறினால்கூட உன்னைத்தானே கூப்பிடுவேன். இப்போது மட்டும் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

ரப்பர் பால்வெட்டு வேலை போதும், இனி ஆட்டோதான் என்று நீ கிளம்பிய நாள் ஞாபகம் இருக்கிறதா? ஆட்டோவுக்குத் தவணைக் கடன் கொடுக்கும் லீசிங் கம்பனிக்காரர் பத்துப் பதினைந்து தாளை என் முன்னால் பரப்பினார். எல்லாம் சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருந்தது. எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், வாசிக்கச் சொன்னால்தான் வேர்க்கும்.

“இது எதுக்குடா?” என்று கேட்டேன்.

“சும்மா பேருக்குப் பிணை, மச்சான். நான் கட்டாம விட்ருவேனா?”

“விட்டா?”

“விட்டா நீ கட்டு. தங்கச்சி புருஷனுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?”

நீயும் சிரித்தாய், கம்பனிக்காரரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டேன். வெளியில் வந்ததும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாய்.

பிறகு உனக்குச் சிறுநீரகம் கெட்டது. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கும் நம் லயத்து வீட்டுக்குமாக அலைந்தோம். ஆட்டோ எங்கே என்று கேட்டதற்கு கராஜில் இருக்கிறது என்றாய். நானும் நம்பினேன். தவணை கட்டவில்லை என்று கம்பனிக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏன் மச்சான் என்னிடம் சொல்லவில்லை? நோயாளி என்று நான் கேட்காமல் இருந்ததும் தப்புத்தானோ?

நீ போன ஒன்பதாம் நாள் இரண்டு கடிதம் வந்தது. நம் லயத்து வீடுகளுக்குத்தான் தனி விலாசம் கிடையாதே. எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வைத்து கிளாக்கர் கொடுப்பார். ஒரே குடும்பம்தானே என்று இரண்டையும் என் தங்கச்சி புஷ்பத்திடம் கொடுத்துவிட்டார். அவள் உறையில் இருந்த அரசாங்க முத்திரையைப் பார்த்து, தோட்டத்தில் உன் சம்பளத்தில் பிடித்து வைத்த சேமலாப நிதி வந்துவிட்டது என்று நினைத்தாள்.

“செத்தவரு பேருக்கு வந்ததை முப்பதாம் நாள் கும்பிடுறதுக்கு முன்ன பிரிக்கக் கூடாதுண்ணே” என்று சொல்லி, இரண்டு உறைக்கும் விபூதி பூசி, மாலை போட்ட உன் படத்துக்குப் பின்னால் செருகினாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். “இருக்கட்டும் புள்ள” என்று சொன்னவனும் நான்தான். இரண்டாவது உறையில் இருந்தது யார் பெயர் என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கலாம். அதில் இருந்தது என் பெயர். முப்பது கும்பிட்டுவிட்டுப் பிரித்தபோது, கோர்ட்டுக்கு வரச் சொன்ன நாள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. பிணை நின்றவன் வரவில்லை என்று என் மேல் தீர்ப்பாகிவிட்டது. மூன்று வாரமாக நாங்கள் ஊதுபத்தி காட்டிக் கும்பிட்டது அந்த அழைப்பாணைக்கும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே பயம் மச்சான். மலைப்பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் ஏறும் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன். சாமான்களை அள்ளிக்கொண்டு போவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கேஸ் அடுப்பைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்தேன். அந்த வீட்டுக்காரி இரண்டு வாரம் அதில் நன்றாகச் சமைத்தாள். யாரும் வரவில்லை. கடைசியில் நானே கம்பனிக்குப் போய்க் கையைக் கட்டி நின்று, மாதாமாதம் கட்டுவதாக ஒத்துக்கொண்டு, நாலு வருஷம் கட்டி முடித்தேன்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வருஷம் கூரைத் தகரம் மாற்ற பேங்கில் கடன் கேட்டேன். கவுண்டரில் இருந்த பிள்ளை யாழ்ப்பாணத்துப் பக்கம். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“அண்ணை, தீர்ப்பு வந்ததெண்டு இதில கிடக்குது. நீங்கள் கட்டி முடிச்சதெண்டு ஒருத்தரும் எழுதேல்லை.”

“கட்டிட்டேங்க மிஸ். பில்லெல்லாம் இருக்குங்க.”

“உங்கட பில் உங்கட பெட்டிக்க இருந்து என்ன செய்யிறது? அதைப் பதிவிச்சால்தான் சரி. பயப்பிடாதேங்கோ.”

பயப்படாதே என்று சொன்னால் எனக்கு இன்னும் கூடும் என்பது அவளுக்குத் தெரியாதுதானே. ஆனாலும் அவள் சொன்னபடி செய்தேன். கணக்கு முடிந்தது என்று கம்பனியிடம் கடிதம் வாங்க ஏழு தடவை நடந்தேன். ஒரு லோயரைப் பிடித்து அதைக் கோர்ட்டில் பதிய வைத்தேன். கோர்ட் வாசலில் கால் வைத்த அன்று, உன் மேல் சத்தியமாக, வாந்தி எடுத்தேன். முத்திரை வைத்த பிரதியை, எல்லாருடைய கடன் விவரமும் பதிகிற இடத்துக்குப் பேங்க் வழியாக அனுப்பி, பதில் வரும் வரைக்கும் தினமும் ஆபீசுக்குப் போய்க் கடிதப் பெட்டியை நானே கிளறினேன். கிளாக்கர் எனக்குத் தபால்காரர் என்று பட்டம் வைத்துவிட்டார்.

கட்டி முடித்தது என்று மாறி வந்தது. ஆனால் பழைய தழும்பு இன்னும் கொஞ்ச காலம் தெரியுமாம். அது மறைய வேண்டுமென்றால் சின்னதாக ஒரு கடன் எடுத்து நாள் தவறாமல் கட்டிக் காட்ட வேண்டுமாம். கடனால் செத்துப் பிழைத்தவனிடம் கடன் எடு என்கிறாள் அந்தப் பிள்ளை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு புல்வெட்டும் மெஷின் ஒன்றுக்குக் கடன் எடுத்தேன். தவணை நாளுக்கு ஐந்து நாள் முன்பே போய் நிற்பேன். போன மாதத்தோடு அதுவும் முடிந்தது. “இனி நீங்கள் இன்னொராளுக்குப் பிணை நிக்கலாம் அண்ணை” என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாள். நான் பில்லை எடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிட்டேன்.

இப்போது எனக்கு வந்திருக்கிற பயத்தைச் சொல்கிறேன். இன்று காலை உன் படத்துக்குப் புது மாலை போடக் கழற்றினேன். பின்னாலிருந்து ஒரு தாள் விழுந்தது. அதைக் கண்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. பழைய உறை ஏதோ மிஞ்சிவிட்டது என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தால், உன் மகள் கவிதாவின் படிப்புக் கடன் படிவம். பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்ததைச் சொன்னவள் இதைச் சொல்லவே இல்லை. ஒரு பிணைக்காரர் இடத்தில் அவளுடைய டீச்சர் கையெழுத்து இருக்கிறது. மற்ற இடம் வெறுமை. கொடுக்க வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

அவளைக் கூப்பிட்டேன்.

“ஏம் புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?”

தலை குனிந்து நின்றாள். “கேட்டா நீங்க போட்ருவீங்க மாமா. அதாங்க கேக்கல.”

“அதுக்கு இதை ஏன் இங்க வெச்ச?”

“அப்பாகிட்ட சொல்லிட்டு வெச்சேன். நாள் போவட்டும்னு.”

அன்றைக்கு நாங்கள் தெரியாமல் ஒரு நாளைத் தவறவிட்டோம். இவள் தெரிந்தே தவறவிடப் பார்க்கிறாள், எனக்காக. நான் வாந்தி எடுத்ததும், அடுப்பை ஒளித்ததும், மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் கதவைச் சாத்தியதும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை அல்லவா?

அவளுக்கு வேலை கிடைக்காமல் போனால்? உன்னைப் போல அவளும் எதையாவது என்னிடம் மறைத்தால்? மறுபடி ஒரு உறை, மறுபடி கோர்ட் வாசல், இந்த வயதில் என்னால் முடியுமா? நீ இருந்தால் சும்மா பேருக்கு என்பாய். உன் பேச்சைக் கேட்டால் உருப்பட மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

ஆனாலும் கேள் மச்சான். அந்தப் படிவம் இப்போது உன் படத்துக்குப் பின்னால் இல்லை, என் சட்டைப் பையில் இருக்கிறது. நாளைக்கு முதல் பஸ்ஸில் கவிதாவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போவேன். ஒரு வரி விடாமல் அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொடுவேன். பேங்கிலிருந்து அவளுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் வந்த அன்றே பிரிப்போம், அது யார் பெயருக்கு இருந்தாலும் சரி.

கை நடுங்கினால் கையெழுத்துச் செல்லுமா என்று அவளிடமே கேட்டேன். செல்லுமாம்.

இந்தத் தடவை தெரிந்தே பிணை நிற்கும்,
உன் மச்சான், கவிதாவின் தாய்மாமன்
முருகேசு