எரியவில்லை என்று எழுதப்பட்ட கறுப்பு விளக்கு

அனுப்புநர்
மூக்குக்கண்ணாடிக் கடை ஊழியர்,
மூன்றாம் மாடி, படிக்கட்டுக்கு வலப்புற வீடு.

பெறுநர்
காவல் ஆய்வாளர் அவர்கள்,
காவல் நிலையம்.

பொருள்: விசாரணை மேசையில் காகிதங்களின் மேல் வைக்கப்பட்டுள்ள கறுப்பு விளக்கை யாரும் அழுத்தாமல் உடனே அப்புறப்படுத்த வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆய்வாளர் ஐயா,

இதைப் புகார் என்பதா, ஒப்புதல் என்பதா என்று எனக்கே தெளிவில்லை. ‘யார் மீது’ என்ற இடத்தில் தலைமைக் காவலர் என்று எழுதி அடித்தேன். என் பெயரை எழுதி அதையும் அடித்தேன். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

1. நான் இயற்பியல் பட்டதாரி. பதினாறு ஆண்டுகளாக லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்தும் வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில் கையடக்க லேசர் விளக்குகளைச் சேர்க்கிறேன். சிலவற்றை நானே செய்கிறேன். கடைத்தெருவில் கிடைக்கும் சிவப்பிலும் பச்சையிலும் எனக்கு ஆசை இல்லை. எளிதில் அகப்படாத நிறங்களே வேண்டும். நிறத்தை நாங்கள் நானோமீட்டர் எண்ணால் சொல்வோம்: 473 என்றால் நீலம், 589 என்றால் மஞ்சள். அந்த மஞ்சளுக்காக, ஆய்வகங்கள் கழித்துப்போட்ட கருவிகளுக்குள் நான்கு ஆண்டுகள் தேடினேன். இதனால் யாருக்கு என்ன பயன் என்று என் கணவர் கேட்பார். நான் அடுத்த கருவியைத் திறப்பேன்.

2. இம்மாதம் 3ஆம் தேதி மாலை, திரைச்சீலையைத் துவைக்கப் போட்டிருந்ததை மறந்து மஞ்சளை எரியவிட்டேன். புள்ளி ஜன்னலைத் தாண்டி எதிர்வீட்டுக்காரரின் சட்டையில் விழுந்தது. துப்பாக்கி குறிபார்க்கிறது என்று அவர் பயந்ததில் நியாயம் உண்டு. தவறு என்னுடையது. வந்த காவலர்கள் பதின்மூன்று விளக்குகளையும் என் காய்கறிப் பையிலேயே போட்டு எடுத்துச் சென்றனர். “வெளிச்சம் போட்டதுக்கு ஜீப்பா? இருட்டுல உக்காந்திருந்தா ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க” என்றார் என் மாமியார்.

3. நிலையத்தில் தலைமைக் காவலர் ஒவ்வொன்றையும் சுவரை நோக்கி அழுத்தி, நிறத்தைப் பட்டியலில் எழுதினார். கடைசி இரண்டும் ஒரே மாதிரியான கறுப்புக் குழாய்கள். இரண்டிலும் வெளிச்சம் வரவில்லை. “என்னம்மா, இது ரெண்டும் செத்துப்போச்சா?” என்று சிரித்தபடி ‘எரியவில்லை’ என எழுதினார். நான் வாய் திறக்கவில்லை. ஒன்று உண்மையிலேயே கெட்டுப்போனது. மற்றது 980. அதன் ஒளி மனிதக் கண்ணுக்குத் தெரியாது. உபயோகித்ததும் அதன் பேட்டரியைக் கழற்றி வைப்பது என் வழக்கம். அப்படிக் கழற்றியிருப்பதாகவே நம்பினேன்.

4. எரியாதவை வழக்குக்குத் தேவையில்லை என்று நேற்று முன்தினம் கூப்பிட்டார்கள். “ரெண்டும் வேணுமாம்மா? ஒண்ணு இங்க பேப்பர் பறக்காம பிடிச்சுக்கிட்டு இருக்கு, இருந்துட்டுப் போகட்டுமே” என்றார் எழுத்தர். நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டு மற்றதை வாங்கி வந்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் அது கெட்டுப்போனது; 980 தங்கள் மேசையிலேயே தங்கிவிட்டது. கழற்றிய பேட்டரிகளைப் போட்டு வைக்கும் பெட்டியில் ஆறு இருக்க வேண்டும், ஐந்துதான் இருந்தன. மெத்தையைப் புரட்டினேன். மாமியாரின் மருந்து டப்பாவைக்கூடக் கொட்டிப் பார்த்தேன். ஆறாவது இல்லை. கழற்றிய நினைவு எனக்குத் தெளிவாக இருக்கிறது. அது எந்த நாளின் நினைவு என்பதுதான் தெரியவில்லை.

ஆகவே அது 980க்குள்தான் இருக்கிறது; தலைமைக் காவலர் அழுத்திய அன்று தங்கள் சுவரில் ஒளி விழுந்திருக்கிறது. அந்த இடம் சுட்டிருக்கும். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

5. நேற்று முன்தினம் நான் கிளம்பும்போது காவலர் ஒருவர் போனில் பேசிக்கொண்டே அந்த விளக்கை எடுத்து, பேனாவை அழுத்துவதுபோல் அதன் பொத்தானை டக் டக்கென்று அழுத்திக்கொண்டிருந்தார். முனை எதிர் பெஞ்சைப் பார்த்திருந்தது. பெஞ்சில் யாராவது இருந்தார்களா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

கண் கூசும் வெளிச்சம் என்றால் இமை தானாக மூடிக்கொள்ளும். இதற்கு மூடாது. வலியும் தெரியாது. கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த பஸ் ஓட்டுநர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். “உங்க மூஞ்சி மட்டும் காணோம்மா, சுத்தி இருக்கிறதெல்லாம் தெரியுது” என்றார். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். விழித்திரையில் பட்ட அந்தக் காயத்துக்கு லென்ஸ் கிடையாது. இந்த விளக்கு அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும்.

6. நேற்று இரண்டு முறை தொலைபேசியில் சொன்னேன். “எரியாத விளக்குக்கு எதுக்கும்மா இவ்வளவு பதட்டம்?” என்றார்கள். நேரில் வந்தேன். மேசையருகே விடாமல், “பொருளத் திருப்பி வாங்கத்தானே இந்தக் கதை?” என்றார் தலைமைக் காவலர். என் கணவரோ, “டார்ச் லைட்டுன்னு கேஸ மூடப்போறாங்க. நீயே போய் ஆபத்தானதுன்னு எழுதிக் குடுப்பியா?” என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். அப்படியும் எழுதுகிறேன்.

ஐயா, பொத்தானைத் தொடாமல், முனையைத் தரைப் பக்கம் திருப்பி, அடிமூடியை இடப்புறமாகத் திருகினால் பேட்டரி வெளியே வந்துவிடும். இணைத்துள்ள கண்ணாடியைக் கழற்றுபவர் அணிந்துகொள்ளட்டும். அந்த விளக்கை அழுத்தியவர்களையும், எதிரே உட்கார்ந்திருந்தவர்களையும் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். விளக்கு எனக்கு வேண்டாம், உடைத்துப் போடலாம். வழக்கில் எழுத வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள். மஞ்சளைத் திருப்பித் தரும்படி இந்த மனுவில் நான் கேட்கவில்லை. கேட்டால் மற்றதையும் நம்பமாட்டீர்கள்.

தாங்கள் இதைப் படிக்கும்போது நான் அந்தப் பெஞ்சில்தான் இருப்பேன். வேறு யாரும் உட்காராதபடி காய்கறிப் பையை விரித்து இடம் பிடித்திருப்பேன். பாதுகாப்புக் கண்ணாடி என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அது இப்போது தங்கள் கையில். அதனால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

இணைப்பு: 980க்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி, ஒன்று.

இடம்: தங்கள் நிலைய வாசல்
நாள்: 12, வியாழன், காலை 9.40

தங்கள் முடிவுக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)