மணி அடித்த பிறகு ஒரு வசனம்

இன்று காலை கறிவேப்பிலை வாங்கப் போனேன். பாரிசின் ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் அந்தப் பழைய பலசரக்குக் கடையை இப்போது தலைவர் அண்ணையின் மகன் நடத்துகிறான். கவுண்டரில் ஆளில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் பொறுமையிழந்து அங்கிருந்த மணியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். டிங். நான் கறிவேப்பிலையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். அதே மணி, சிநேகிதி. பூச்சு உரிந்து, ஒரு பக்கம் நெளிந்து, குரல் மட்டும் கொஞ்சமும் கெடாத அதே சனியன்.

நீர் போய் மூன்று மாதமாகிறது. உம்மைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லாரும் "அமைதியான மனுசி" என்கிறார்கள். அமைதியாம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எண்பதுகளில் லா சப்பல் தமிழ்ச் சனத்தையே ஒரு பொங்கல் நாளில் வடைக்குத் தவிக்க வைக்கப் பார்த்தவர் நீர் என்று இவர்களுக்கு யார் சொல்வது? சரி, நான்தான் சொல்லவேண்டும்.

அப்போது நாங்கள் இருவரும் ஒபர்வில்லியேயில் ஒரு மொத்தக் கிடங்கில் உடுப்பு மடித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை பார்த்தோம். நீர் யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்தவர். கடைசிச் சோதனையில் எஞ்சியிருந்தது ஒரேயொரு பாடம், அமெரிக்க வரலாறு. நாட்டு நிலைமையால் சோதனை தள்ளிப்போனது, நீரும் ஊரைவிட்டு வந்துவிட்டீர். "எல்லாத்தையும் எழுதிப்போட்டு அமெரிக்காவை மட்டும் அந்தரத்திலை விட்டிட்டு வந்திட்டன்" என்பீர். அந்த அமெரிக்கா உம்மை விடவில்லை. நகர நூலகத்திலிருந்து படம் போட்ட பெரிய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை இரவல் எடுத்து, பக்கத்தில் அகராதியையும் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் உடுப்புப் பெட்டியின் மேல் விரிப்பீர். எனக்கு அமெரிக்கா என்றால் டொலர். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

ஒருநாள் ஒரு படத்தை என் பக்கம் திருப்பினீர். நீண்ட வரிசை. ஆம்பிளைகள் கோட்டும் தொப்பியுமாகத் தலையைக் குனிந்து நின்றார்கள்.

"வடிவா உடுத்த வெள்ளையள். என்னத்துக்கு லைனிலை நிக்கினம்?" என்று கேட்டேன்.

"சூப்புக்கு."

"அமெரிக்காவிலையோ?"

"ஓம். முப்பதுகளிலை. பாங்குகள் விழுந்து, பக்டரியள் பூட்டி, நாடே படுத்திட்டுது."

நான் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வந்த முதல் குளிருக்கு, வேலை கிடைக்கும்வரை, கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்தில் தர்மச் சூப்புக்கு நாங்களும் அப்படித்தான் நின்றோம். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக்கூடாதென்று நான் சால்வையை மூக்குவரை இழுத்து மூடுவேன். "அப்ப வெக்கப்பட ஒண்டுமில்லை எண்டுறீர்," என்றேன். "ஒண்டுமில்லை," என்றீர். அன்றிலிருந்து எனக்கும் அமெரிக்கா பிடித்துப்போயிற்று.

அந்த வருடம்தான் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். விழாக்குழுவின் தலைவர், அந்தப் பலசரக்குக் கடை அண்ணை. அவருக்கு வலக்கை போல ஒருவர். ஊரில் கணக்காளராக இருந்தவர், இங்கே உணவகத்தில் கோப்பை கழுவினார். மைக்கைக் கையில் எடுத்தால் பிடுங்கித்தான் வாங்கவேண்டும், அதனால் அவருக்கு மைக் அண்ணை என்று நீர்தான் பெயர் வைத்தீர். தலைப்பு வழக்கமானதுதான்: குடும்பத்துக்கு விளக்கு கணவனா, மனைவியா. பேசப்போகிறவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள்.

என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனீர். "அண்ணை, நாங்களும் பேசப்போறம்."

தலைவர் அண்ணை அரிசி மூட்டையில் சாய்ந்தபடி சிரித்தார். "பிள்ளையள், உங்களுக்கு வரவேற்பு நடனம் இருக்கு. பிறகு வடை. உங்களை விட்டா ஆர் எங்களுக்கு வடை சுடுறது?"

"அப்ப இந்த வருசம் வடை இல்லை."

"என்ன?"

"மேடை இல்லாட்டி வடை இல்லை அண்ணை. நான் மட்டுமில்லை, ஒரு வீட்டிலையும் சட்டி வைக்கமாட்டினம். கேட்டுப் பாருங்கோ."

நீர் அதற்கு முன்பு ஒரு வீட்டிலும் கேட்டிருக்கவில்லை! வெளியே வந்ததும் கத்தினேன். "உமக்கென்ன விசரோ? இந்தப் புத்தி எங்கையிருந்து வந்தது?" நீர் வெகு சாதாரணமாகச் சொன்னீர்: "நியூயோர்க்கிலை தையல் பெட்டையள் செய்தவை. கதவைப் பூட்டி வேலை வாங்கினவங்களுக்கு எதிரா ஊசியைக் கீழை வைச்சிட்டு ரோட்டுக்கு வந்தவை. எங்களிட்டை ஊசி இல்லை, உழுந்து இருக்கு." பிறகு இரண்டு பேருமாக வீடு வீடாக ஏறி இறங்கினோம். புறநகர் ஓல்னே-சூ-புவா வரைக்கும் போனோம். ஒரு பெண்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. சிலர் எங்களைவிடக் கோபமாக இருந்தார்கள்.

தலைவர் அண்ணை இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "சரி, ஏறுங்கோ. ஆனா கவிண்டியளெண்டா இனி மேடை எண்டு ஒரு பொம்பிளையும் வரப்பிடாது. நான் இருக்குமட்டும் அந்தக் கதையே வேண்டாம்." நீர் ஓம் என்றீர். தலைப்பும் எங்களுடையதுதான் என்றீர்: விழுந்த அமெரிக்காவை எழுப்பியது சீர்திருத்தமா, போரா? தலைவர் அண்ணை முழித்தார். நடுவராக வரவிருந்த பாண்டிச்சேரி ஐயாவோ துள்ளிக் குதித்தார். பிரெஞ்சு அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர், இளவயதில் படையில் இருந்தபோது அமெரிக்கச் சிப்பாய்களோடு சேர்ந்து சாப்பிட்டவர். "அட, இதுதாம்மா சப்ஜெக்ட்டு!" என்றார்.

அப்போதுதான் மைக் அண்ணை வாயைத் திறந்தார். "தலைப்பு உவவின்ரை. அப்ப பக்கத்தை நாங்கள் எடுப்பம். சீர்திருத்தம் எங்களுக்கு."

உமது முகம் செத்துப்போனது. ஊரில் உம்முடைய வீட்டுக் கூரையில் ஷெல் விழுந்ததென்று அந்தக் கிழமைதான் தகவல் வந்திருந்தது. மெட்ரோப் பாலத்தின் கீழே நடந்து வரும்போது, "போர் நல்லதெண்டு என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுவன்?" என்றீர். மாற்றிக் கேட்போம் என்றேன் நான். மேலே ரயில் ஒன்று தடதடவென்று போய் முடிந்தது. பிறகு சொன்னீர்: "சோதினை மண்டபத்திலை கேள்வியை மாத்தித் தாங்கோ எண்டு கேக்கேலுமே? போர் நல்லதோ எண்டு ஆரும் கேக்கேல்லை. எழுப்பினது எது எண்டுதான் கேள்வி. இது என்ரை சோதினை. எழுதத்தான் வேணும்."

கிடங்கில் பெட்டிகளைச் சபையாக வைத்துப் பேசிப் பழகினோம். எனக்குப் பயமெல்லாம் தலைவர் அண்ணை தன் கடையிலிருந்து கொண்டுவரப்போகிற மணிமேல்தான். நேரம் முடிந்ததென்று அடித்தால் என் நாக்கு உள்ளே போய்விடும் என்றேன். அதற்கு நீர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. "மணி அடிச்சாப் பயப்பிடாதையும். மணி அடிச்ச பிறகு ஒரு வசனத்துக்கு எந்த நடுவரும் இடம் விடுவார். சனத்துக்கு நினைவிலை நிக்கிறது அந்த ஒண்டுதான்."

விழா ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் நடந்தது. சால் என்றுதான் நாங்கள் சொல்வோம். சால் நிரம்பி வழிந்தது. பின்வரிசை முழுக்கப் பெண்கள், மடியில் மூடிய வடைப் பாத்திரங்கள். நாங்கள் கவிழ்ந்தால் அதோடு அவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் கதவு மூடும்.

முதலில் மைக் அண்ணை. தமிழ்த்தாய்க்கு வணக்கம் சொன்னார். தலைவருக்குச் சொன்னார். தலைவரின் கடைக்கும் சொன்னார். நடுவருக்கு, தேவாலயத்துப் பாதிரியாருக்கு, ஒலிபெருக்கி தந்தவருக்கு, தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு, வர விரும்பியும் வரமுடியாமற் போனவர்களுக்கு. பிறகு ஒரு மிடறு தண்ணீர் குடித்து, நெஞ்சை நிமிர்த்தி, "அமெரிக்கா என்ற தேசம்..." என்றார். டிங். நடுவர் ஒரு வசனத்துக்கு இடம் விட்டுத்தான் பார்த்தார். மைக் அண்ணை அந்த ஒன்றையும் நன்றி சொல்லிச் செலவழித்தார். சால் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. நீர் மட்டும் சிரிக்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்து, "வணக்கம் ஒண்டோடை நிப்பாட்டும்," என்றீர்.

எழும்பினேன். ஒரே வணக்கம். அந்தப் பஞ்ச காலத்தில் கலியாணம் செய்த பெண்களைப் பார்த்து, புருசன் உழைக்கிறான்தானே, வேலையை விட்டு வீட்டுக்குப் போ என்று சொன்னார்கள் என்றேன். போர் வந்ததும் அதே வாய்கள் வா வா என்று கூப்பிட்டன, அவர்கள் போய் விமானத்துக்குப் பாகங்களைப் பூட்டினார்கள், கப்பலுக்குத் தகடு ஒட்டினார்கள் என்றேன். பிறகு எழுதிப் பாடமாக்கியது மறந்துபோய், வாயில் வந்ததைச் சொன்னேன். "ஊரிலை ஒரு வாளி தண்ணி தூக்கினாலே 'பிள்ளை, கவனம்' எண்டவை. இஞ்சை நான் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிறன், ஒருத்தரும் கவனம் எண்டு சொல்லேல்லை. என்னையும் போர்தான் வேலைக்கு அனுப்பினது." டிங். நாக்கு உள்ளே போகத்தான் பார்த்தது. உம்மைப் பார்த்தேன். ஒரு விரலை உயர்த்திக் காட்டினீர். "சண்டை முடிஞ்ச உடனை அந்தப் பொம்பிளையளைத் திரும்ப வீட்டை போகச் சொன்னவை," என்றேன். "நாங்கள் போகமாட்டம்!" பின்வரிசையிலிருந்து எழுந்த சத்தத்தில் பாத்திர மூடிகள் உருண்டன.

எதிரணியின் இரண்டாவது ஆள் ஒரு இளம் பெடியன், உண்மையிலேயே கெட்டிக்காரன். வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கமே வேலை கொடுத்து ரோட்டும் அணையும் கட்டியதை, முதியவர்களுக்கு ஓய்வூதியம் வந்ததை, பாங்கில் போட்ட காசுக்குக் காப்பு வந்ததை அடுக்கினான். சபை அவன் பக்கம் சாய்வது தெரிந்தது. முன்வரிசையில் தலைவர் அண்ணை தலையாட்டினார். இனி எல்லாம் உமது கையில்தான்.

நீர் மைக்கைத் தொடவே இல்லை. முதலில் அந்தப் பெடியன் சொன்னது அத்தனையும் சரி என்றீர். நான் திடுக்கிட்டேன். "அவ்வளவும் நடந்தது. அதுக்குப் பிறகும் லட்சக்கணக்கான சனம் வேலையில்லாமல்தான் நிண்டது. சூப்பு லைன் குறைஞ்சது, இல்லாமல் போகேல்லை. அதை இல்லாமற் செய்தது போர்தான். இது நான் விரும்பிற பதில் இல்லை. ஆனா இதுதான் பதில்." பிறகு மெல்ல மெல்ல மறுபக்கத்தைத் திருப்பினீர். சொந்த நாட்டுப் பிரசைகளையே யப்பான் முகமென்று முள்ளுக்கம்பிக்குள் அடைத்ததைச் சொன்னீர். ஒரே கொடியின் கீழ்ச் சண்டைக்குப் போன கறுப்புச் சிப்பாய் வேறு மேசையில் சாப்பிட்டதைச் சொன்னீர். முள்ளுக்கம்பி என்றதும் பின்வரிசைத் தலைகளெல்லாம் நிமிர்ந்தன. அங்கே அதைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

டிங்.

மணியின் சத்தம் முழுதாக ஓயும்வரை பொறுத்தீர். "துவக்குக்கு ஒரே நாளிலை வந்த காசு, பசிக்கு ஏன் அத்தினை வருசமா வரேல்லை?" என்று கேட்டுவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தீர்.

பிறகு பின்வரிசையில் ஒருத்தி எழுந்து நின்று கைதட்டினாள். அடுத்துச் சால் முழுவதும் எழுந்து நின்றது. பாண்டிச்சேரி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "எழுப்புனது போர்தான்னு இந்தம்மா ரெண்டு பேரும் ருசு பண்ணிட்டாங்க. ஆனா ஜெயிச்ச கட்சியே ஜெயிச்சதுக்கு வெக்கப்படறத நான் இன்னிக்கித்தான் பாக்கறேன். பிராவோ!"

தலைவர் அண்ணை தன் கையாலேயே எங்களுக்கு வடைத் தட்டம் கொண்டுவந்தார். "சாப்பிடுங்கோ பிள்ளையள்." நீர் வாய் நிறைய வடையோடு கேட்டீர்: "வாற வருசம்?" மனுசன் தலையைச் சொறிந்தார். "தலைப்பை நீங்களே சொல்லுங்கோவன்," என்றார். எனக்கு உம்மைத் தூக்கிச் சுற்றவேண்டும் போலிருந்தது. அடுத்த பொங்கலுக்கு இரண்டு அணியிலும் பெண்கள் இருந்தார்கள், அதற்குப் பிறகு ஒரு வருடமும் இல்லாமல் இருந்ததில்லை.

மைக் அண்ணைக்கு மட்டும் மனம் ஆறவில்லை. எங்கே கண்டாலும் "எங்களை வெண்டது நீங்கள் இல்லை, போர்," என்பார். நீர் சிரித்துவிட்டுப் போவீர். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று மாதத்துக்கு முன் தகன மண்டபத்தில் உமக்கு அஞ்சலிக் கூட்டம். அங்கே எல்லாம் நேரக்கணக்கு, அடுத்த அஞ்சலிக்கு வந்தவர்கள் வெளியே காத்திருப்பார்கள். மைக் அண்ணைதான் முதலில் பேசினார். வயதாகிவிட்டது, தடி ஊன்றி வந்திருந்தார். ஆனால் ஆள் மாறவில்லை. வந்திருந்த ஒவ்வொரு சங்கத்துக்கும் வணக்கம் சொன்னார். என் முறை வந்தபோது, கறுப்புக் கோட்டுப் போட்ட பிரெஞ்சுக்காரர் என்னைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டினார். முடிந்தது என்று அர்த்தம். நான் அவருக்கு ஒரு விரலைக் காட்டினேன். மனுசன் என்ன நினைத்தாரோ, பின்னுக்கு நகர்ந்தார்.

"அண்டைக்கு வெண்டது போர் இல்லை," என்றேன். "இவ."

செத்த வீட்டில் எங்கள் சனம் கைதட்டுவதை நான் கண்டதில்லை. அன்று தட்டினார்கள். தடியைக் கதிரையில் சாய்த்துவிட்டு முதலில் தட்டியது மைக் அண்ணை.

காலையில் அந்த மணியை எனக்குத் தரச்சொல்லிக் கேட்டேன். "இந்தப் பழசை என்ன செய்யப்போறியள் அன்ரி, எடுத்துக்கொண்டு போங்கோ," என்றான் கடைக்காரப் பெடியன். இப்போது என் மேசையில் இருக்கிறது. வருகிற பொங்கலுக்கு நான்தான் நடுவர். பேசப்போகிற பெட்டைகள் இங்கே பிறந்தவர்கள், தமிழைப் பிரெஞ்சு மாதிரி மூக்கால் பேசுவார்கள், ஒன்றுக்கும் பயமில்லை. நேரம் முடிந்ததும் தட்டுவேன், கட்டாயம் தட்டுவேன். தட்டிவிட்டு, சத்தம் ஓயும்வரை காத்திருந்து, அவர்களுக்கு ஒரு விரலைக் காட்டுவேன்.