நிலாக் கட்சியும் பூமிக் கட்சியும்

பாய்,

இன்று காலை தாய்லாந்துப் பார்சலைப் பிரித்தேன். கருகிய வெல்லப்பாகு சொட்டிக் காய்ந்தது போலக் கறுப்புக் கற்கள், மேலெல்லாம் சின்னக் குழிகள். டெக்டைட் என்கிற கண்ணாடிக் கல். ஒன்றை எடுத்து வெயிலில் காட்டியதுமே உன்னோடு சண்டை போட வாயைத் திறந்துவிட்டேன். எதிர் நாற்காலியில் நீ இல்லை; உன்னை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் பார்சல் இது.

நல்லம்பள்ளிச் சந்தையில் சாக்கு விரித்துப் பாசிமணி விற்றவன் நான். பாப்பாரப்பட்டியில் மோதிரத்துக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தவன் நீ. தருமபுரியில் சேர்ந்து ராசிக்கல் கடை போட்டோம். நாம் ஒத்துப்போகாத ஒரே சரக்கு இதுதான். நிலாவின் எரிமலை கக்கியது என்பது உன் கட்சி. விண்கல் மோதி, நம் பூமி மண்ணே உருகித் தெறித்து இறுகியது என்பது என் கட்சி.

"நெலாவுல இருந்து எடுத்தாந்த கல்ல ஆராய்ஞ்சு பாத்துட்டாங்க பாய். இதோட சேரவே இல்லியாம்."

"அம்மாம் பெருசு மோதுச்சுன்னா, மோதுன எடம் எங்க மாப்ள?"

இந்தத் தாய்லாந்துக் கல்லுக்கு அந்த இடம் இன்னும் உறுதியாகவில்லை.

பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தாரே, இருந்த சரக்கு மொத்தத்தையும் கேட்டார். 'நிலாவிலிருந்து வந்தது' என்று பில்லில் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். கடை வாடகைக்கே திணறிய மாதம். நம்பாத நான் பேனாவை எடுத்துவிட்டேன். நம்புகிற நீதான் பில் புத்தகத்தின் மேல் கையை வைத்தாய்.

"நெலா நெலான்னு நாலு வருசமா கத்துனது யாரு பாய்?"

"நாந்தான். கத்தலாம் மாப்ள, எழுதிக் குடுக்க முடியாது. அங்க போயா பாத்தேன்?"

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. வேறு கடையில் எழுதி வாங்கிக்கொண்டதாகக் கேள்வி. வாடகைக்கு நான் ஊரெல்லாம் அலைந்தேன். இரண்டு நாள் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் டீயை முன்னால் வைத்து, "பூமிக்காரரே, ஆறிடப் போவுது" என்றாய். குடித்தேன்.

இன்று மதியம் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். "இது எங்கிருந்துங்க வந்துச்சு?" என்றாள். ஆராய்ச்சிக்காரர்களில் பெரும்பாலோர் பூமி என்று சொல்வதையும், நிலா என்றவர்களும் இருந்ததையும் விளக்கினேன். ஒரு கல் எடுத்துக்கொண்டாள். பில்லில் 'கறுப்புக் கல், தாய்லாந்து' என்று மட்டும் எழுதினேன்.

"நீங்க எந்தப் பக்கம்ங்க?"

"பூமிதாம்மா."

"அப்புறம் ஏன் நெலாவுக்கே இவ்ளோ நேரம் பேசுனீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். என் கட்சியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, உன் கட்சிக்குக் கால் மணி நேரம் வாதாடியிருக்கிறேன். ஆள் இல்லாத கட்சிக்கு யாராவது பேச வேண்டாமா பாய்?