முனை ஒடிந்த டேப்

கார் நிபுணராகிய என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் உன் மருமகளும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், கேட்க வேண்டியதில்லை. உன் கடிதத்தில் இருந்த திமிரே சொல்லிவிட்டது.

இந்தக் காகிதத்தைப் பைப்புக்குள் சுருட்டிச் செருகியிருக்கிறேன். பார்சலில் தனியாக வைத்தால் நீ படிக்க மாட்டாய். வாங்கிய சாமானோடு வந்த காகிதம் எதையாவது இதுவரை படித்திருக்கிறாயா? இப்போதும் பார்க்காமல் மாட்டினாயானால், உன் எஞ்சின் படித்துக்கொள்ளட்டும்.

உன் கடிதம் நான்கு பக்கம். முதல் மூன்று பக்கம் எனக்குப் பாடம். டர்போ காற்றை அழுத்தி அனுப்புமாம், அழுத்தினால் அது சூடாகுமாம், முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் இன்டர்கூலருக்குள் போய் ஆறி எஞ்சினுக்கு வருமாம், அதற்குப் பைப் வேண்டுமாம். பதினாறு வருடமாகப் பட்டறையில் பைப் அறுக்கிறவளுக்கு, பைப்புக்குள் காற்று போகும் என்று கற்றுக்கொடுத்திருக்கிறாய். ரொம்ப நன்றி. விஷயம் நாலாவது பக்கத்தின் அடியில்தான் வருகிறது. அங்கே ஏதோ பெரிய கடையில் இந்தப் பைப்புக்குச் சொன்ன விலையைக் கேட்டு உனக்கு மயக்கம் வந்திருக்கிறது. அந்த விலையில் இங்கே மூன்று மாடி வீட்டுக்குப் படிக் கைப்பிடியே போட்டுவிடலாம். அதனால் “யாராவது நல்ல ஆளாகப் பார்த்து” மலிவாகச் செய்து அனுப்ப வேண்டும், “உன் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்.” தெரிய வேண்டாம் என்பதற்கு அடிக்கோடு வேறு.

நல்ல ஆளாம்! இரண்டு வருடத்துக்கு முன்னால் கூட்டாளிகள் ஆறு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் பட்டறைக்கு நடுவிலேயே நின்று உன் அத்தானைப் பற்றி நீ பேசியது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. “இவருக்கு ஓட்டல் அடுப்புக்குப் புகைக்கூண்டு ஒட்டத்தான் தெரியும். முனை ஒடிஞ்ச இஞ்சு டேப்பை வெச்சுக்கிட்டு கார்ல கை வைக்கலாமா” என்றாய். அந்தப் புகைக்கூண்டுச் சம்பாத்தியத்தில்தான் நீ படித்தாய். அவர் அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதோடு உங்கள் இருவருக்கும் பேச்சு நின்றது. அவருக்கு நீ “உன் தம்பி”, உனக்கு அவர் “உன் வீட்டுக்காரர்”. நடுவில் நான் சம்பளமில்லாத தபால்காரி.

எனக்குத் தெரிந்த நல்ல ஆள் ஒருவர்தான். அதனால் உன் அளவுகளை எல்லாம் வேறு தாளில் என் கையெழுத்தில் பிரதி எடுத்தேன், வெளியூர்க் கஸ்டமர் ஒருவர் கொடுத்த வேலை என்று சொல்லி நீட்டினேன். முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

தாளைப் பார்த்ததும் ஆரம்பித்த நக்கல் ஒரு வாரம் ஓயவில்லை. வளைவு பைப்புகளைக் கார் சாமான் கடையில் வாங்குவதற்காக நீ ஒரு பட்டியல் எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்துவிட்டு “கஸ்டமர் ரொம்பப் பெரிய மனுஷர் போல” என்றார். ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டதில் மீந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளைவுத் துண்டுகள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. இரண்டரை இஞ்ச், உள்ளே வழவழவென்று இருக்கும். அதைக் கொட்டி, பொறுக்கி, வெட்டி ஒட்டினால் போதும், காற்று என்ன கௌரவமா பார்க்கப் போகிறது என்றார். நீ கண்ணாடி மாதிரி பாலிஷும் சிவப்புப் பெயிண்டும் கேட்டிருந்தாய். “பம்பருக்குப் பின்னாடி இருக்கறத யாரு குனிஞ்சு பாக்கப் போறா, தவளையா?” என்றார்.

அளவுகளோடு நீ வரைந்து அனுப்பிய படத்தில் உதடு இல்லை. பைப் முனையைச் சுற்றிப் புடைத்திருக்கும் விளிம்பைத்தான் சொல்கிறேன், மறந்துபோயிருப்பாய். அது இருந்தால்தான் மேலே ஏற்றி கிளாம்ப் போட்ட ரப்பர் குழாய், அழுத்தம் ஏறும்போது பிடுங்கிக்கொண்டு போகாது. மெல்லிய கம்பியை வளையமாகச் சுற்றி ஒட்டி, அரத்தால் வழித்து, பத்து முனைக்கும் அவரே உதடு வைத்தார். “கஸ்டமருக்கு உதடு வாயில மட்டும்தான் இருக்கும்போல” என்றார். நான் சிரித்துவிட்டேன். உனக்கு அது வேண்டியதுதான்.

சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது. வியாழக்கிழமை நான் அறுக்க உட்கார்ந்தேன். அவர் சாக்குக்கட்டியால் போட்டிருந்த கோடும் தாளில் இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. தாளில் பதினொன்று, கோடு பன்னிரண்டில். தாளில் ஏழு, கோடு எட்டில். ஐந்து துண்டிலும் ஒரு இஞ்ச் கூடுதல். கண்ணாடி மாற்றுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கத்தினேன். அவர் நிமிரக்கூட இல்லை. “ஒவ்வொண்ணுலயும் ஒரு இஞ்ச் கழிச்சிருக்கான். நான் போட்ட எடத்துல அறு” என்றார்.

ஒரு வாரமாகக் கஸ்டமர் வரைஞ்சிருக்கார், கஸ்டமர் கேட்டிருக்கார் என்று நக்கலில்கூட மரியாதை குறையாமல் பேசியவர். அன்றைக்குக் “கழிச்சிருக்கான்.”

ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். நம் பட்டறை டேப் ஷட்டருக்கு அடியில் மாட்டி முதல் இஞ்ச் ஒடிந்துபோனது. புதிது வாங்க இவருக்கு மனசு வராது. ஒன்றிலிருந்து பிடித்து, வந்த அளவில் ஒன்றைக் கழி என்பார். அப்படிக் கழித்துப் பழகியவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான்: அவர், நான், இந்தப் பட்டறையில் கூடமாட வேலை செய்து வளர்ந்த நீ. நீ அங்கே புத்தம்புது டேப்பில் நுனியிலிருந்து அளந்திருக்கிறாய், அளந்துவிட்டு ஒன்றைக் கழித்தும் இருக்கிறாய். அந்தப் பெரிய கடைக்காரன் எழுதிக் கொடுத்ததாக நீ குறித்திருந்த மொத்த நீளத்தையும் நான் பிரதி எடுத்திருந்தேன், அது சரியாக இருந்தது. உன் துண்டுகளைக் கூட்டினால் ஐந்து இஞ்ச் குறைந்து உதைத்தது. கூட்டிப் பார்க்காமல் சாக்குக்கட்டியைத் தொடுகிற ஆளா அவர்? கஸ்டமர் நீதான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒரு வாரம் பேசிய நக்கல் எல்லாம் என் வழியாக உன் காதுக்கு வரட்டும் என்று பேசியது. நான் கையெழுத்தை மாற்றிய சாமர்த்தியத்தில் இடி விழ.

நீ பெரிய நிபுணன். ஆறு பேருக்கு முன்னால் கேலி செய்த டேப்பைக் கையிலிருந்து உன்னாலேயே கழற்ற முடியவில்லை.

பிறகு நடந்ததையும் கேள். புகைக்கூண்டு ஒன்றுக்குக்கூடச் சோப்பு நுரை தடவிப் பார்க்காதவர், உன் பைப்பின் முனைகளை அடைத்து, காற்றேற்றி, மூன்று தடவை நுரை தடவினார். எங்கேயும் குமிழி வரவில்லை, கசிவே இல்லை. தூசி போகக் கூடாது என்று என் நல்ல தலையணை உறையைக் கிழித்து முனைகளைக் கட்டினார். சாப்பிடும்போது, கஸ்டமருக்கு எப்போது போய்ச் சேரும் என்று கேட்டார். ஐந்து நாள் ஆகும் என்றேன். தட்டைக் கழுவிவிட்டு வந்து, “சேந்ததும் அந்த ஆளு எதாவது சொல்லுவாரா?” என்றார்.

சொல்லுவாரா என்று கேட்டார், தம்பி. மறுபடியும் மரியாதை. எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அழுகையும் வந்தது, அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

மாட்டும்போது கிளாம்ப்பை ஒரே மூச்சில் முறுக்காதே. ஒரு தடவை ஓட்டி, சூடேறி ஆறியதும் மறுபடி இறுக்கு. எஞ்சின் ஓடும்போது குலுங்கும், அதனால் ரப்பர் குழாய்க்குள் இரண்டு பைப் முனைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடு. இதெல்லாம் அவர் சொல்லச் சொன்னது. கஸ்டமரிடம்.

பைப் பொருந்தியதும் எனக்கு எழுதாதே. உன் நன்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, நான் அறுத்ததோடு சரி. அவருக்கு எழுது. பாடம் நடத்தாதே, ஒரு வரி போதும். “உன் வீட்டுக்காரர்” இல்லை, அத்தான் என்று ஆரம்பி. பிறகு மனதில் என்ன இருக்கிறதோ அதை அளந்து, அளந்தபடியே எழுது. இந்த ஒரு தடவையாவது ஒன்றைக் கழிக்காதே.

நல்லபடியாக இரு, நிதானமாக ஓட்டு.

உன்மேல் ஆத்திரம் இன்னும் தீராத
அக்கா