கதவு விளிம்பில் ஒட்டிய டேப்

அன்புள்ள அம்மாவுக்கு,

மொதேனா கார் பட்டறையிலிருந்து ரொசால்பா. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நலம். கொஞ்சம் கோபமாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

மிகப் பழைய சிவப்புக் கார் ஒன்றின் மங்கிய பூச்சை, புதிதாக அடிக்காமல், கையாலேயே தேய்த்து மீட்டுக்கொண்டிருந்தேன். கதவு விளிம்புகளில் பூச்சு மெலிந்திருந்ததால், பாலிஷ் மெஷின் படக்கூடாதென்று நீல டேப் ஒட்டியிருந்தேன். நான் சாப்பிடப் போன நேரத்தில் மேஸ்திரி இவானோ ஒரு கதவில் அதை உரித்துவிட்டு மெஷினை வைத்திருக்கிறான். சிவப்பு போய்ச் சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தது. அந்தப் பழைய சிவப்பை இனி யாராலும் கொண்டுவர முடியாது.

கார்க்காரர் வந்ததும், "நம்ம டாக்டரம்மா கைவரிசைங்க. படிச்ச கையில்ல, நடுங்கிடுச்சு" என்று இவானோ சிரித்தான். பட்டம் வாங்கியதற்காக இங்கே என் பெயர் அதுதான். ஆனால் என் டேப் அவன் முழங்கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்துக் கார்க்காரர் கையில் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"இங்க மெஷின் வைக்காதீங்கன்னு நான் ஒட்டினதுங்க. அந்தப் பக்கக் கதவுல இன்னும் இருக்கு, பாருங்க."

அவர் பார்த்தார். "இனிமே என் வண்டிய இந்தப் பொண்ணு மட்டும் தொடட்டும்" என்றார்.

அதிலிருந்து பட்டறையில் யாரும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. போகட்டும். தேய்க்க இங்கே தரும் துணி பூச்சைக் கீறுகிறது. அப்பாவின் பழைய பனியன்களை நம் வீட்டு சோப்பிலேயே துவைத்து அனுப்புங்கள். ஒன்று கூடுதலாக, எனக்கே வைத்துக்கொள்ள.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. கோபம் இன்னும் ஆறவில்லை. போய் மற்ற கதவைத் தேய்க்கிறேன்.

உங்கள் ரொசால்பா